கண்ணை மூடாத செபம்

மகளின் வெள்ளைச் சட்டைக்கு நான் கழுத்துப்பட்டி வைத்துத் தைத்துக்கொண்டிருந்தபோது எங்கள் சபைப் போதகர் மோட்டார் சைக்கிளை வேலியோரம் நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். ஈஸ்ரருக்கு அடுத்த ஞாயிறு திடப்படுத்தல் ஆராதனை. கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் தங்களுக்காகச் சொன்ன வாக்கை, பிள்ளைகள் வளர்ந்தபின் சபைக்கு முன்னால் நின்று தாங்களே சொல்லும் நாள் அது. அதைச் சொன்ன பிறகுதான் திருவிருந்தில் அவர்களுக்கு அப்பமும் திராட்சை இரசமும் கொடுப்பார்கள். எங்கள் பக்கத்தில் அது கலியாணத்துக்கு அடுத்தபடியான நாள். சொந்தக்காரருக்கெல்லாம் சொல்லியாயிற்று. வவுனியாவிலிருந்து என் அண்ணை குடும்பமும் வருவதாக இருந்தது.

என் மகளும் அந்த வருடம் நிற்க வேண்டிய பிள்ளை. பதினாறு வயது. பிறவியிலேயே காது கேளாதவள். செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கான பாடசாலையில் விடுதியில் இருந்து படிக்கிறாள். விடுமுறைக்கு வீட்டுக்கு வருவாள்.

போதகர் இளம் ஆள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார். சட்டையைத் தூக்கிப் பார்த்தார்.

"வடிவாய் இருக்கு அக்கா. ஒரு விசயம் கதைக்க வந்தனான். சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையளை ஒவ்வொருத்தராய்க் கூப்பிட்டு ரெண்டு கேள்வி கேக்கிறது வழக்கம். நானும் மூப்பர் சேரும் இருப்பம். தங்கச்சிக்கு எப்பிடிச் செய்யிறது எண்டு யோசிச்சனான்."

"நான் பக்கத்திலை இருந்து சொல்லுறன் ஐயா. அவள் சொல்லுற எல்லாம் எனக்கு விளங்கும்."

அதைச் சொன்னபோது எனக்கு ஒரு பெருமை இருந்தது. பேச்சு வராத பிள்ளையை வளர்த்த தாய்க்கு வேறு என்ன பெருமை இருக்கிறது. சாப்பாடு, குளிப்பு, மழை, கோபம், வயிற்றுக்குத்து, மாமி வருகிறா, வாயை மூடு, எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் ஒரு கை, ஒரு சைகை, இருந்தது. யாரும் சொல்லித் தரவில்லை. அவளும் நானும் அடுப்படியில் நின்று நின்று உண்டாக்கிக்கொண்டவை. தேவாலயம் என்றால் மணிக்கயிறு இழுப்பது. செபம் என்றால் கை கூப்பிக் கண்ணை மூடுவது. அந்தக் கண்ணை மூடுவதில்தான் அவளுக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே இழுபறி. மாலைச் செபத்தில் எல்லாரும் கண்ணை மூடியிருக்க, அவள் மட்டும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் தொடையில் தட்டி, மூடு என்று காட்டுவேன். மூடுவாள். கொஞ்ச நேரத்தில் ஒரு கண் திறக்கும்.

போதகர் போனதும் என்ன கதை என்று கேட்டாள். ஐயா, தேவாலயம், கேள்வி, நீ, நான் என்று காட்டினேன். என்னைக் காட்டிய என் விரலை அவள் பிடித்து மடக்கினாள். இல்லை என்று தலையை ஆட்டினாள். பிறகு போனை எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு யாருக்கோ வீடியோ கோல் எடுத்தாள். போனை யன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையாலும் கதைக்கத் தொடங்கினாள். திரையில் அவளுடைய பாடசாலை ரீச்சர். விரல்கள் போன வேகத்தில் எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. சொந்த வீட்டில், சொந்தப் பிள்ளை, எனக்கு முன்னால் நின்று எனக்கு விளங்காமல் கதைத்துக்கொண்டிருந்தாள்.

ரீச்சர் சனிக்கிழமை வருகிறாவாம் என்பதை அவள் எனக்கு மிகவும் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல, வீட்டுக் கையில் சொன்னாள்.

அந்த ரீச்சர் சைவ சமயம். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அறை எடுத்து இருப்பவ. போதகருக்குத் தெரிவித்தபோது அவர் நல்லது என்றார். மூப்பர் சேர் நல்லது என்று சொல்லவில்லை. சபைக் காரியங்களைப் பார்க்கும் மூப்பரான அவர் எங்கள் ஊர்ப் பாடசாலையில் நீண்ட காலம் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் வீட்டு வாசற் படலையடியில் நின்று என் புருசனிடம் சொன்னார்.

"தம்பி, குறை நினைக்காதை. விபூதி பூசின பிள்ளை வந்து எங்கடை விசுவாசத்தைச் சொல்லுறதோ? கோட்டிலை வழக்குக்கு மொழிபெயர்க்கிற மாதிரியோ இது?"

"பிள்ளை கேக்குது சேர். நாங்கள் என்ன செய்யிறது."

"எழுதிக் கேக்கலாமே."

எழுதியும் பார்த்திருந்தோம். அவளுக்கு எழுத்துத் தெரியும். கடைச் சாமான், பெயர், நாள் எல்லாம் எழுதுவாள். ஆனால் விசுவாசப்பிரமாணம் போன்ற நீண்ட வசனத்தைக் கொடுத்தால், நான் ஆங்கிலப் பேப்பரைப் பார்ப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருப்பாள். காதால் ஒருநாளும் கேளாத மொழி அது. என் புருசனுக்கு இதையெல்லாம் விளக்கிச் சொல்ல வராது. சேர் போனபின் என்னிடம் வந்து, "எல்லாருக்கும் முன்னாலை பிள்ளை வெக்கப்படக் கூடாது, இஞ்சாரும், அவ்வளவும்தான்" என்றார்.

சனிக்கிழமை வெயில் அப்படி ஒரு வெயில். தேவாலயத்தோடு ஒட்டிய சின்ன அறையில் மேசை போட்டு, போதகரும் மூப்பர் சேரும் இருந்தார்கள். மற்றப் பெண்பிள்ளைகள் ஒவ்வொருவராக உள்ளே போய்ச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். எல்லாம் என் மகளோடு ஞாயிறு பள்ளியில் ஒரே பாயில் இருந்த பிள்ளைகள். ஊர்ப் பாடசாலையில் முதலாம் ஆண்டில் சில மாதங்கள் ஒரே வகுப்பிலும் இருந்தவர்கள். அந்த வயதில் அவர்களுக்கு அவளோடு கதைக்க ஒரு தடையும் இருக்கவில்லை. மண் விளையாடும்போது கையாலேயே சண்டை பிடிப்பார்கள், கையாலேயே கோள் சொல்வார்கள். பிறகு அவள் விடுதிக்குப் போனாள். அவர்கள் வளர்ந்தார்கள். இப்போது அவளைக் கண்டால் கையை அசைப்பார்கள், சிரிப்பார்கள். அதற்குமேல் அவர்களிடம் ஒன்றும் இல்லை.

ரீச்சர் ஓட்டோவில் வந்து இறங்கினா. நெற்றியில் விபூதிக் கீற்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தா. எங்கள் தேவாலயத்தில் செருப்போடுதான் போவோம். அவவுக்கு அது தெரியாது. மகள் அதைப் பார்த்ததும் தன் செருப்பையும் கழற்றி ரீச்சரின் செருப்புக்குப் பக்கத்தில் சோடியாக வைத்தாள். மூப்பர் சேர் உள்ளே இருந்தபடியே அந்த இரண்டு சோடியையும் பார்த்தார். என் புருசன் உள்ளே வரவில்லை. வேப்பமரத்தடியில் நின்றுவிட்டார்.

"இருங்கோ ரீச்சர்," என்றார் போதகர். "வெயிலுக்குள்ளை வந்திருக்கிறியள்."

"பரவாயில்லை ஐயா. ஒண்டு மட்டும் முதலே சொல்லுறன். பிள்ளை சொல்லுறதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுவன். நான் நல்லாக்கிச் சொல்ல மாட்டன். அது அவளுக்குச் செய்யிற துரோகம்."

"அதுதானே வேணும்," என்றார் மூப்பர் சேர்.

நான் மகளுக்குப் பின்னால் இருந்தேன். அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அது நேராக இருந்தது. மனதுக்குள் ஆண்டவரே, ஆண்டவரே என்பதைத் தவிர வேறு செபம் எனக்கு வரவில்லை.

போதகர் மெதுவாகக் கேட்டார். "கடவுளைப் பற்றி உனக்குத் தெரிஞ்ச ஒரு கதை சொல்லு பார்ப்பம்."

ரீச்சர் கையால் கேட்டா. மகள் யோசிக்கவே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்து தொடங்கினாள். எனக்கு அந்தக் கைகளின் சொற்கள் தெரியாது. ஆனால் தெரிய வேண்டியிருக்கவில்லை. ஒரு கை மூக்கிலிருந்து நீண்டு வளைந்து தொங்கியது. மற்றக் கை பெரிய வயிற்றைத் தடவியது. தகப்பனும் தாயும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். ஒரு பழம். தம்பி மயிலில் ஏறி உலகத்தைச் சுற்றப் பறந்தான். அண்ணை வயிற்றைத் தூக்கிக்கொண்டு, அரக்கி அரக்கி நடந்து, தாய் தகப்பனைச் சுற்றி வந்தான். அந்த நடையை அவள் கதிரையில் இருந்தபடியே தோளால் நடந்து காட்டினாள். போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழத்தை வாங்கிக் கடித்துச் சாறு வழித்ததோடு முடித்துவிட்டு, சரியா என்று பார்த்தாள்.

ரீச்சரின் முகம் வெளிறிப் போயிருந்தது.

"ரீச்சர், மொழிபெயர்க்கத் தேவையில்லை," என்றார் மூப்பர் சேர். "யாழ்ப்பாணத்திலை பிறந்த எவருக்கும் உது பிள்ளையார் எண்டு விளங்கும். உதை நீங்களோ படிப்பிச்சனீங்கள்?"

"ஓம் சேர். சமய பாடத்திலை."

"கிறிஸ்தவப் பிள்ளைக்கு?"

"கிறிஸ்தவம் படிப்பிக்கிறதுக்கு எங்களிட்டைச் சைகை தெரிஞ்ச ஆள் இல்லை சேர். பல தரம் கேட்டுப் பார்த்தனாங்கள். அந்தப் பாட நேரத்திலை கிறிஸ்தவப் பிள்ளையளைப் படம் கீற விடுறது. இவள் கீற மாட்டாள். கடைசி வாங்கிலை குந்திக்கொண்டு என்ரை கையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நான் கதை சொல்லேக்கை, பார்க்காதை எண்டு ஒரு பிள்ளையின்ரை கண்ணைப் பொத்தவோ?"

மூப்பர் சேர் மேசையில் விரலால் தட்டினார். "உதுக்குத்தான் நான் பயந்தனான்," என்றார். அவர் ரீச்சரைப் பார்த்துச் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார்.

ஞாயிறு தவறாமல் கூட்டிக்கொண்டு போன பிள்ளை. முன் வாங்கில் இருத்தி, பாட்டு வந்தால் எழுப்பி, செபம் வந்தால் கண்ணை மூடப்பண்ணி வளர்த்த பிள்ளை. நான் விட்ட குறை என்ன. சைவம் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. பக்கத்து வீடே சைவம்தான், பொங்கல் எங்களுக்கும் வரும். ஆனால் என் பிள்ளை இத்தனை வருடம் எனக்குப் பக்கத்தில் இருந்து எதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்?

போதகர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார். சுவரில் இருந்த சிலுவையைக் காட்டினார். "இவரைத் தெரியுமோ எண்டு கேளுங்கோ ரீச்சர்."

ரீச்சர் ஒரு உள்ளங்கையின் நடுவில் மற்றக் கையின் விரலால் தொட்டா, பிறகு மாற்றித் தொட்டா. ஆணி அடித்த இடம். இயேசு என்பதற்கு அதுதான் கை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஒரு சைவப் பிள்ளையின் கையில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தேன்.

மகள் இந்த முறை உடனே தொடங்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு ரீச்சரைப் பார்த்துக் கைகளை எடுத்தாள். ரீச்சர் அவளுடைய கையிலிருந்து கண்ணை எடுக்காமல், தாழ்ந்த குரலில் சொல்லிக்கொண்டு போனா.

"தெரியும். படம் வீட்டிலை இருக்கு. அம்மா காட்டினவ. ஆணி. இரத்தம். நோவு. பேந்து அம்மா தன்னைக் காட்டினவ, என்னைக் காட்டினவ, அப்பாவைக் காட்டினவ. நான் அடிக்கேல்லை. அப்பாவும் அடிக்கிற ஆள் இல்லை. நாங்களோ செய்தது எண்டு அம்மாட்டைக் கேட்டனான். அம்மா அழுதா. பேந்து கேட்டனான், பேந்தும் அழுதா. அம்மா அழுவா எண்டு நான் கேக்கிறதை விட்டிட்டன்."

எனக்கு அந்த நாள் நினைவில் இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து, படத்துக்கு முன்னால் நின்று அவளுக்கு விளக்கினேன். அவர் பட்டதெல்லாம் எங்களுக்காக என்று சொல்லத்தான் நினைத்தேன். என் கையில் ஆணி இருந்தது, இரத்தம் இருந்தது, நாங்கள் இருந்தோம். அதற்கு இடையில் வர வேண்டியது என் கையில் இருக்கவில்லை. அவள் அதிர்ந்துபோய்ப் பார்த்ததை நான் பக்தி என்று நினைத்து அழுதேன். பிள்ளையின் மனதில் ஆண்டவர் இறங்கிவிட்டார் என்று நன்றி சொன்னேன். அவளோ அன்றிலிருந்து, ஒரு ஆளைக் கொன்ற குடும்பத்தில் இருக்கிறேனா என்று யோசித்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

மூப்பர் சேர்தான் முதலில் கதைத்தார். குரல் மாறியிருந்தது. கடுமை இல்லை.

"பாவம் பிள்ளை. அவளிலை என்ன பிழை. ஐயா, இதை இழுக்கத் தேவையில்லை. நாளைக்குச் சபைக்கு முன்னாலை தாய் சொல்லட்டும். ஞானஸ்நானத்திலையும் தாய்தானே சொன்னது. பிள்ளை பக்கத்திலை நிண்டு தலையை ஆட்டினால் காணும். ஆண்டவருக்கு விளங்கும்."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அலுமாரியில் தொங்கும் சட்டை கண்ணுக்கு முன்னால் வந்தது. அண்ணை குடும்பம் வந்தது. நான் எழும்பியே விட்டேன்.

"ஓம் சேர். நான் சொல்லுறன். அவள் தலையை ஆட்டுவாள்."

மகள் எங்கள் மூவரின் வாய்களையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு ரீச்சரின் முழங்கையைத் தொட்டு, என்ன முடிவு என்று கேட்டாள். ரீச்சர் என்னைப் பார்த்தா. சொல்லாமல் விடுங்கோ என்று என் கண் கெஞ்சியது, அதை அவ கண்டா. ஆனாலும் திரும்பி அவளுக்குச் சொன்னா.

மகள் சின்னதாக ஒரு வசனம் சொன்னாள். ரீச்சர் தயங்கினா. மகள் அவவின் மணிக்கட்டைத் தட்டினாள், சொல்லு என்று.

"அம்மா பதில் சொல்லுறது எண்டால், சட்டையையும் அம்மா போடட்டுமாம்."

போதகர் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த வாயை அப்படியே கையால் பொத்திக்கொண்டார். ஏனென்றால் அவள் சிரிக்கவில்லை. இன்னும் சொல்லிக்கொண்டிருந்தாள். ரீச்சர் இப்போது ஒவ்வொரு சொல்லாகப் பார்த்துச் சொன்னா.

"மற்றப் பிள்ளையளுக்குச் சொல்லிக் குடுத்ததை எனக்கும் சொல்லித் தாங்கோ. இவ்வளவு நாளும் எல்லாற்றை வாயும் ஒண்டாய் அசையும், நானும் அசைப்பன். என்ன சொல்லுறம் எண்டு தெரியாது. தெரிஞ்ச பிறகு நான் சொல்லுறன். ஓம் எண்டு சொல்லுவன், அல்லது..."

ரீச்சர் நிறுத்தினா. அந்தக் கடைசிச் சொல் எனக்கே விளங்கியது. வீட்டுக் கையிலும் அது அதேதான்.

"இல்லையெண்டும் சொல்லுவாளோ?" என்றார் மூப்பர் சேர்.

"அப்பிடித்தான் சொல்லுறாள் சேர். நான் கூட்டேல்லை."

நான் திரும்ப உட்கார்ந்தேன். என் பிள்ளை ஆண்டவருக்கு இல்லை என்று சொல்லக்கூடும் என்பதை அதுவரை நான் கனவிலும் நினைத்ததில்லை. ஓம் என்று சொல்வாள் என்று நான் நினைத்ததுதான் எதை வைத்து?

போதகர் எழும்பி வந்து அவளுக்கு முன்னால் நின்றார். உள்ளங்கையைத் தொட்டுக் காட்டினார், ரீச்சர் செய்ததைப் பார்த்துப் பழகிய மாதிரி, தப்பும் சரியுமாக. பிறகு என்னிடம் சொன்னார். "அக்கா, தங்கச்சி கேட்டது நியாயம். அவளுக்குப் பதிலாய் நீங்கள் சொல்ல ஏலாது. நான் தலையாட்டச் சொல்லவும் மாட்டன். அவள் ஆயத்தம் எண்டு சொல்லுற வருசம் நிக்கட்டும்."

வெளியே வந்தபோது மூப்பர் சேர் ரீச்சரோடு கதைத்துக்கொண்டு நடந்தார். எனக்குப் பின்னால் இருந்து கேட்டது.

"நான் அதிபராய் இருக்கேக்கை இந்தப் பிள்ளையை முதலாம் ஆண்டிலை சேர்த்தவை. என்ரை ரீச்சர்மாருக்கு ஒரு சைகையும் தெரியாது. அங்கை அனுப்புங்கோ எண்டு நான்தான் சொன்னனான். அது சரிதானே ரீச்சர்? அங்கை எண்டால் எல்லாம் தெரிஞ்ச ஆக்கள்."

"அங்கை வந்ததாலைதான் சேர் அவள் இண்டைக்கு இவ்வளவு கதைக்கிறாள். ஆனால் அவள் அங்கையே சாகும்வரைக்கும் இருக்கப் போறதில்லையே. பஸ்ஸிலை, ஆசுப்பத்திரியிலை, சேர்ச்சிலை எல்லா இடத்துக்கும் நான் செருப்பைக் கழட்டி வைச்சிட்டு வந்து நிக்க ஏலுமோ? அவளோடை முதலாம் ஆண்டிலை இருந்த பிள்ளையளுக்குக் கிழமைக்கு ஒரு பாடம் சைகை படிப்பிச்சிருந்தால் இண்டைக்கு அவையளே சொல்லிக் குடுத்திருப்பினம்."

"எங்கடை பிள்ளையளுக்கு ஏற்கனவே தமிழ், இங்கிலிசு, சிங்களம். நாலாவதும் வேணுமோ?"

"சிங்களம் படிச்சிட்டுக் கதைக்க ஆளில்லாமல் மறக்கினம் சேர். இதைப் படிச்சால் கதைக்கிறதுக்குப் பக்கத்து வீட்டிலையே ஆள் இருக்கு."

ரீச்சர் குனிந்து செருப்பைப் போட்டா. மகளும் போட்டாள். வேப்பமரத்தடியில் நின்ற என் புருசன் எங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு, என்ன நடந்தது என்று என்னைக் கேட்கவில்லை. மகளை நோக்கிப் புருவத்தை உயர்த்தினார். அவள் உடம்பில் சட்டை போடுவதுபோலக் காட்டி, என்னைக் காட்டினாள். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து நான் சொன்ன பிறகு, நெடுநேரம் கிணற்றடியில் இருந்தார். பிறகு வந்து, "உம்மை மாதிரித்தான் வாய்," என்றார்.

ஞாயிறன்று மற்றப் பிள்ளைகள் வெள்ளைச் சட்டையோடு வரிசையாக முன்னால் நின்றார்கள். மகள் நீலச் சட்டையோடு எனக்குப் பக்கத்தில். எங்களுக்குப் பின்னால் இருந்த வாங்கில் அண்ணை குடும்பம். பிள்ளைக்கு என்ன, ஏன் விட்டவை என்று அண்ணி என் காதுக்குள் கேட்டபடி இருந்தா. போதகர் கேட்க, பிள்ளைகள் ஒரே குரலில் பதில் சொன்னார்கள். மகள் என் கையைத் தட்டி அவர்களைக் காட்டினாள். நெற்றியில் விரல் வைத்து, அவர்களுக்கு எல்லாம் விளங்கியதா என்று கேட்டாள்.

நான் அவர்களுடைய வயதில் அதே இடத்தில் நின்றதை நினைத்தேன். பாடமாக்கியிருந்தேன். ஒரு சொல் பிசகாமல் சொன்னேன். நல்ல பிள்ளை என்றார்கள். அவள் திரும்பவும் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு, மகளுக்கு இளையவனான என் மகனின் பாடசாலைப் பெற்றோர் கூட்டத்தில் எழும்பிக் கேட்டேன். மகன் ஊர்ப் பாடசாலையில்தான் படிக்கிறான். அந்த மண்டபத்தில் நான் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. சைகை மொழியையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொஞ்சம் படிப்பித்தால் என்ன என்று கேட்டேன். பின்னால் இருந்து ஒரு தகப்பன், "இனி எல்லாரும் ஊமைப் பாசையோ கதைக்கிறது?" என்றார். சிரித்தார்கள். இன்னொரு தாய், ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதனைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு நேரம் எங்கே என்றா. அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். முன்னாள் அதிபர் என்ற வகையில் மூப்பர் சேரும் மேடையில் இருந்தார். அவர் எழும்பி, சிரிப்பு அடங்கும்வரை நின்றார். "புலமைப்பரிசில் வகுப்புக்கு வேண்டாம். ஆறாம் ஆண்டிலை இருந்து தொடங்கலாம்," என்றார். கொஞ்சம் யோசித்து, "முதலாம் ஆண்டிலையும் தொடங்கலாம்," என்றார். இப்போதைய அதிபர், பார்ப்பம் என்றார். அது இன்னும் பார்ப்பமாகவே இருக்கிறது.

என்னைக் கேட்டால் முதலாம் ஆண்டுதான் சரி. நான் படித்தவள் இல்லை, பாடத்திட்டம் பற்றி எனக்குத் தெரியாது. ஆனால் அந்த வயதில் பிள்ளைகளுக்குக் கை கூச்சப்படாது. அதைக் கண்ணால் கண்டவள் நான். என் பிள்ளைக்கு ஒருவர் மொழிபெயர்த்தால் போதும் என்று நான் நினைத்திருந்தேன். ஒரு ஆள் மட்டும் சொல்லக்கூடிய இடத்தில், அந்த ஆள் சொல்லாமல் விட்டால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவராது. அன்றைக்கு என் கண் ரீச்சரிடம் கெஞ்சியபோது அவ அதற்கு இணங்கியிருந்தால், என் பிள்ளை தனக்குத் தெரியாத ஒன்றுக்குத் தலையாட்டியிருப்பாள்.

இப்போது ரீச்சர் முடிந்த சனிக்கிழமைகளில் தேவாலயத்து அறைக்கு வருகிறா. போதகர் கதையைச் சொல்ல, அவ கையில் சொல்லுவா. நானும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் பார்த்துப் பழகுகிறோம். செருப்பை இன்னும் வாசலில்தான் கழற்றுகிறா. நாங்களும் கழற்றத் தொடங்கிவிட்டோம், யாரும் சொல்லவில்லை. விடுமுறைக்கு வரும்போதெல்லாம் மகள் கேள்வியோடு வருகிறாள். சிலுவையைப் பற்றி நான் திரும்பவும் சொன்னேன், இந்த முறை இடையில் வர வேண்டியதோடு. கவனமாகப் பார்த்தாள். அப்படியென்றால் அவரை யாரும் ஏன் தடுக்கவில்லை என்று கேட்டாள். அதற்குப் போதகரைத்தான் கேட்க வேண்டும் என்றேன். அவரையும் கேட்டாள். அவர் வேதாகமத்தைத் திறந்தார்.

வெள்ளைச் சட்டை அலுமாரியில் இருக்கிறது. இடுப்பை ஒருமுறை விட்டுத் தைத்தேன். வருகிற வருடம் நிற்கிறாயா என்று கேட்டேன். தெரியாது என்றாள். ஆனாலும் நான் கேட்பதை நிறுத்தவில்லை, அவள் சொல்வதையும் நிறுத்தவில்லை.

மாலைச் செபம் இப்போது கையாலும் வாயாலும் செய்கிறோம். கண்ணை மூடினால் ஒருவர் கையை ஒருவர் பார்க்க முடியாது. அதனால் எல்லாரும் திறந்தபடிதான் இருக்கிறோம். எனக்கும் மகனுக்கும் பழகிவிட்டது. என் புருசனுக்கு மட்டும் இன்னும் பழகவில்லை. ஆண்டவரே என்று தொடங்கியதும் அவருடைய கண் தானாக மூடிக்கொள்ளும். மகள் அவருடைய தொடையில் மெல்லத் தட்டி, திற என்று காட்டுவாள். திறப்பார். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் மூடுவார். அவள் திரும்பவும் தட்டுவாள்.